நஜ்முன்னிசாவின் தோல்வார்

எண்பத்தைந்தாம் வருஷம், மழை ஓய்ந்து தாராவிச் சந்துகளில் சேறு காயத் தொடங்கியிருந்த ஒரு காலையில், பிரம்மநாயகம் ஒரு தோல்வாரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிராஜின் பட்டறைக்கு வந்தார். கிராஸ் ரோட்டில் சலூன் வைத்திருந்தவர் அவர். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். வழக்கமாக வாசலில் நின்று, சாயா ஆயிற்றா என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். அன்று விசாரிப்பு இல்லை. வாரை எடுத்துத் தோல் வெட்டும் பலகைமேல் வீசினார். வீசிய வேகத்தில் பலகையில் குவித்திருந்த பெல்ட் கொக்கிகள் நாலாபக்கமும் சிதறின.

முந்தின நாள் அவருடைய சலூனில் ஒரு கல்யாண மாப்பிள்ளைக்குச் சவரம். நுரையைத் துடைத்துப் பார்த்தபோது மாப்பிள்ளையின் கன்னம் முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. தாடைக்குக் கீழே இரண்டு மூன்று இடத்தில் ரத்தம் துளிர்த்தது. சொந்தக்காரர்கள் சலூனுக்குள் நின்று போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. பிரம்மநாயகத்தின் கத்தி ஜெர்மனியில் செய்தது. அதைக் குறை சொல்ல முடியாது. அவருடைய கையையும் யாரும் குறை சொன்னதில்லை. மிச்சம் இருந்தது, சவரத்துக்கு முன்னால் கத்தியைத் தீட்டிக்கொள்ள நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்த அந்த வார்தான். அதை சிராஜிடம் சொல்லிச் செய்து வாங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன.

சிராஜ் சண்டைக்கு நிற்கும் மனிதர் இல்லை. இடுப்பு பெல்ட்டும் பைகளுக்கு வாரும் செய்து ஒரு சேட்டுக்குக் கொடுத்துவந்தார். அண்ணாச்சி கேட்டாரே என்று பெல்ட்டுக்கு வைத்திருந்த தோலிலிருந்தே நீளமாக ஒரு துண்டு வெட்டிக் கொடுத்திருந்தார். எல்லாம் தோல்தானே என்பது அவர் எண்ணம். ஆகவே, கத்தியை ஒருதடவை சாணைக்குக் கொடுத்துப் பாருங்களேன் என்று தன்மையாகத்தான் சொன்னார். பிரம்மநாயகத்துக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. கத்தி தீட்டத் தெரியாதவனென்று தன்னைச் சொல்வதாக எடுத்துக்கொண்டு குரலை உயர்த்தினார்.

அப்போதுதான் தடுப்புக்குப் பின்னாலிருந்து நஜ்முன்னிசா எழுந்து வந்தாள்.

அவள் மேலப்பாளையத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பெண். சிராஜைக் கட்டிக்கொண்டு தாராவிக்கு வந்த புதிதில், பச்சைத் தோலின் வாடை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டே சோறு வடித்தாள். இந்தப் பெண் அடுத்த ரயிலில் ஊர் திரும்பிவிடும் என்றுதான் பக்கத்து அறை சைனப் நினைத்தாள். அவளோ கொஞ்ச நாளில் பட்டறையில் உட்கார்ந்து தையல் போட்டாள். அப்புறம் தோல் சீவும் கத்தியையே புருஷன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவள் சீவினால் தோலின் ஓரம் காகிதம் மாதிரி மெலிந்து வரும். சிராஜுக்கு அதில் மனவருத்தம் எதுவும் கிடையாது. நல்ல வேலை நடக்கிற இடத்தில் தள்ளி உட்கார்ந்துகொள்வது அவர் சுபாவம். அவள் சுபாவம் வேறு. ஒரு காரியம் இப்படித்தான் என்று யாராவது சொல்லிவிட்டால், ஏன் அப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை அவளுக்கு வேறு வேலை ஓடாது. குரலும் பெரிய குரல்.

"அண்ணாச்சி, இந்த வாருல ஓடியிருக்க தையல் என் கையி. குத்தம் இதுலதான்னா எங்கன்னு காட்டிட்டுப் போங்க. இல்லன்னா எனக்கு இன்னைக்குச் சோறு எறங்காது" என்றாள்.

பிரம்மநாயகம் வாரின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் மாட்டினார். மறுமுனையை இடதுகையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த கத்தியை விரித்தார். கத்தியின் முதுகுப் பக்கம் முன்னால் போக, கூர்ப்பக்கம் பின்னால் இழுபட, வாரின்மேல் படுக்கவைத்து ஓட்டினார். முனைக்கு வந்ததும் முதுகு தோலை விட்டு எழாமல் கத்தியைப் புரட்டினார். மறுபடி இந்தப் பக்கமாக ஓட்டினார். சத்தம் ஒரே சீராக வந்தது.

"கத்தியோட கூருல கண்ணுக்குத் தெரியாத ஒரு விளிம்பு இருக்கு தங்கச்சி. வெங்காயத் தொலிய விட மெல்லிசு. ஒரு மூஞ்சி வழிச்சா அது அங்கங்க மடங்கிப்போவும். சாணைக்கல்லுல வச்சா கல்லு அதத் தின்னுரும். தோலு தின்னாது, மடங்கினத நிமித்தி விடும். அம்புட்டுத்தான் இதோட வேல. இந்த வாரு நிமித்தல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

இன்னொரு தரம் மெதுவாக ஓட்டச் சொன்னாள் நஜ்முன்னிசா. தரையில் மண்டியிட்டு, வாரின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனாள். கத்தி போகும் இடத்தில் தோல் லேசாக உள்வாங்கியது. கத்தி நகர்ந்ததும் ரப்பர் மாதிரி எழும்பியது. எழும்புகிற அந்தத் தோல் நேரே கூரின்மேல் உரசியது. எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் நடுவில் வார் தொய்ந்துதான் இருந்தது.

அவள் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். பார்த்ததைச் சொன்னாள். கத்தி போன பிறகு தோல் எழும்பி வந்து கூரை வளைக்கிறது. நிமிர்த்த வேண்டியது மழுக்கிக்கொண்டிருக்கிறது. பெல்ட்டுக்கு என்று ரசாயனத்தில் பதப்படுத்திய தோல் இது. இடுப்போடு வளைய வேண்டும் என்பதற்காக மெத்துமெத்தென்று வருவது. போதாததற்கு மாட்டின் வயிற்றுப் பக்கத்திலிருந்து வெட்டியிருக்கிறது. இழுத்தால் நீளத்தான் செய்யும்.

"குத்தம் எங்க மேலதான் அண்ணாச்சி" என்றாள். "வேற செஞ்சு தாரேன்."

சண்டை போட வந்த பிரம்மநாயகம் சாயா வரவழைத்துக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாளே அவள் அப்துல் ரவூப்பின் தோல் பதனிடும் கொட்டகைக்குப் போய் நின்றாள். அங்கே பெண்கள் வந்து தோல் பொறுக்கும் வழக்கமில்லை. ரவூப் பாய் நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை. ஆவாரம்பட்டையில் ஊறி மஞ்சள் பாரித்துக் கிடந்த எருமைத்தோல்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, பெருவிரலால் அழுத்திக்கொண்டே போனாள். வயிற்றுப் பக்கம் விரல் புதைந்தது. தோள்பட்டைப் பக்கம் சுருக்கம் ஓடியது. முதுகுத்தண்டை ஒட்டிய பட்டை மட்டும் அழுத்தினால் அழுத்தத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்தப் பட்டையை மட்டும் நீளவாக்கில் வெட்டித்தரக் கேட்டாள். நல்ல தோலை நடுவில் வகிர்ந்து கேட்கிற முதல் ஆள் நீதான் என்று ரவூப் பாய் சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தார்.

தறியில் பாவு நூலை எப்படி இழுத்துக் கட்ட வேண்டும் என்று பார்த்து வளர்ந்தவள் அவள். தோலை நனைத்து, பலகையில் ஆணியடித்து, ஒவ்வொரு நாளும் ஆணியைப் பிடுங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மறுபடி அடித்தாள். இனி நீள இடமில்லை என்று தோல் சொல்கிற வரைக்கும் இழுத்தாள். காய்ந்ததும் கனமான சோடா பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து மேற்பரப்பைத் தேய்த்தாள். தோலின் மயிர்க்கால் குழிகள் மூடி, சுண்ணாம்பு மெழுகிய சுவர் மாதிரி வழவழப்பு வந்தது.

ஆனால் அது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு தடவையும் சலூனுக்கு ஓட முடியாது. பிரம்மநாயகம் தன்னிடமிருந்த ஒரு பழைய கத்தியைச் சாணை பிடித்து அவளிடமே கொடுத்துவிட்டார். தலைவாரும்போது சீப்பில் வரும் முடியை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள். முடியின் ஒரு நுனியை இரண்டு விரலால் பிடித்து, மறுநுனியைக் கத்தியின் கூர்மேல் விட்டால், நன்றாகத் தீட்டிய கத்தி அதைச் சத்தமில்லாமல் துண்டாக்கிவிடும். தீட்டாத கத்தியில் முடி வழுக்கிப் போகும், இல்லை சுருளும்.

முடி பொய் சொல்லாது என்றாலும், அது முழுதாகவும் சொல்லாது. கன்னம் வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த கன்னம் ஒன்றுதான்.

சிராஜ் ஜன்னலோரம் முக்காலியில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவள் சோப்பைக் குழைத்துப் பூசினாள்.

"ஆடாதீங்க மச்சான்."

"நான் ஆடல புள்ள. உன் கைதான் ஆடுது."

முதல் தடவை காதுக்குக் கீழே கீறல் விழுந்தது. அவர் படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்த்துக்கொண்டு, நாளைக்கு வலப்பக்கம் ஆரம்பி என்றார். அன்று தப்பு வாரில் இல்லை, தன் கையில்தான் என்பதை அவளே கண்டுபிடித்தாள். பலமாக அழுத்தினால் நன்றாகத் தீட்டும் என்று நினைத்துத் தோளிலிருந்து அழுத்தியிருந்தாள். எவ்வளவு கெட்டியான தோலானாலும் அழுத்தினால் குழியத்தான் செய்யும். கத்தியின் கனம் மட்டும் போதும். கை அதைக் கூட்டிக்கொண்டு போனால் மட்டும் போதும். இன்னொரு நாள், முனையில் திருப்பும்போது கவனம் பிசகி, முதுகுமேல் புரட்டுவதற்குப் பதில் கூர்மேல் புரட்டிவிட்டாள். பாடுபட்டு இழுத்துக் காயவைத்த வாரில் பிறை மாதிரி ஒரு வெட்டு விழுந்தது. எழுந்து அடுத்த தோலை நனைக்கப் போட்டாள்.

ரமலான் வருவதற்குள் சிராஜின் முகத்தில் கீறல் நின்றுவிட்டது. பட்டறைக்கு வந்த சேட்டின் கணக்குப்பிள்ளை அவர் கன்னத்தைப் பார்த்துவிட்டு, எந்த சலூன் பாய் என்று விசாரித்தார்.

பிரம்மநாயகத்தின் சலூனில் புது வார் தொங்கியது. அதே கத்தி, அதே கை. ஆனால் வாடிக்கைக்காரர்கள் நாற்காலியிலேயே தூங்கிப்போனார்கள். அவர் போகிற இடமெல்லாம் அதைச் சொன்னார். ஆண்டாப் ஹில்லிலிருந்தும் செம்பூரிலிருந்தும் சலூன்காரர்கள் வந்து கேட்டார்கள். அவள் ஒரு கட்டு வார் செய்து கொடுத்தாள். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒவ்வொன்றிலும் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, கண்ணாடி மாதிரி மின்னவைத்துக் கொடுத்தாள்.

வார்கள் திரும்பி வந்தன. ஆண்டாப் ஹில்காரர் கத்தியையும் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கூரில் பொடிப்பொடியாகப் பல் விழுந்திருந்தது. பொம்பளை செய்த வாரை வாங்கினால் இப்படித்தான் என்று சலூன்காரர் சங்கக் கூட்டத்தில் யாரோ சொன்னதாகவும், எல்லாரும் சிரித்ததாகவும் தெரிந்தது. பிரம்மநாயகத்துக்கு அவமானமாக இருந்தது. சிராஜ், பெல்ட் வேலையே போதுமே என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார்.

நஜ்முன்னிசா திரும்பி வந்த வாரை உள்ளங்கையால் தடவினாள். நறநறவென்றது. ரோட்டுத் தூசி. லாரி ஓடும் தெருவில் வாசல் திறந்த சலூனில் தொங்குகிற வார். எண்ணெய்ப் பசை தூசியை வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. வெங்காயத் தோலைவிட மெல்லிய விளிம்பு அது. ஒரு மண் துகள் போதும் அதைக் கிழிக்க. பிரம்மநாயகத்தின் வாரில் எண்ணெயே இல்லை. அதைத் தன் கையால் தேய்த்துத் தேய்த்தே பதமாக்கிக் கொடுத்திருந்தாள். அழகுக்கு ஆசைப்பட்டதுதான் வினையாகிவிட்டது.

அவள் ஒளியவில்லை. பஸ் ஏறி ஒவ்வொரு சலூனுக்கும் தானே போனாள். தப்பு என்னுடையது, எண்ணெய் அதிகமாகிவிட்டது, பழையதைக் கொடுங்கள், புதிது வரும் என்று வாசலில் நின்று சொன்னாள். சிலர் கேலி செய்தார்கள். சிலர் வாரைக் கழற்றிக் கொடுத்தார்கள். புதிய வார்களில் எண்ணெய் வைக்கவில்லை. சைனப்பும் அவளும் உட்கார்ந்து உள்ளங்கையால் தேய்த்தார்கள். பின்பக்கத்துக்குத் தாருகானாவில் கப்பல் உடைக்கிற இடத்திலிருந்து, தீயணைக்கிற குழாயின் கெட்டித்துணி வாங்கிவந்து வெளுத்துத் தைத்தாள். முதலில் துணியில் இழுத்தால் கத்தியில் ஒட்டியிருக்கிற சோப்பும் ஈரமும் போய்விடும், பிறகு தோல். வேலை முடிந்ததும் உருவிப்போட ஒரு பருத்தி உறையும் தைத்துக் கொடுத்தாள்.

வார் மாறிவிட்டது, பேச்சு மாறவில்லை. அதை மாற்றுவதென்றால் நம்பிராஜன் மனசு வைக்க வேண்டும். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் பெரிய சலூன் வைத்திருந்த அவர்தான் சங்கத்தின் செயலாளர். உறுப்பினர்கள் எல்லாருக்கும் வடக்கேயிருந்து வார் தருவித்துக் கொடுக்கும் வேறொரு சேட்டிடம்தான் சங்கம் வாங்கிவந்தது. பிரம்மநாயகம் போய் அவரிடம் பேசினார். நம்பிராஜன் கேட்டுக்கொண்டார். கெட்டவர் இல்லை, ஆனால் பேச்சை வைத்து எதையும் ஒத்துக்கொள்ளாதவர். ஆண்டுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பார்த்துவிடலாம், என் மூஞ்சியே சொல்லட்டும் என்றார்.

அந்த மூஞ்சி பம்பாய்த் தமிழ் சலூன்காரர்களுக்குள் பேர்போனது. தாடி தென்னை நார். தோல் பச்சைக்குழந்தையின் தோல். எப்பேர்ப்பட்ட கைக்காரர் வழித்தாலும் அவர் கன்னம் எரியாமல் இருந்ததில்லை.

சலூன்களுக்கு விடுமுறை நாளாகப் பார்த்து, மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் நடந்தது. நஜ்முன்னிசா தலையில் முக்காடு இழுத்துவிட்டு, சிராஜோடும் சைனப்போடும் போனாள். ஹால் நிறைய ஆண்கள். மேடையில் ஒரு நாற்காலி, அண்டாவில் வெந்நீர், பக்கத்துக் கம்பியில் இரண்டு வார்கள், வடக்கேயிருந்து வந்தது ஒன்று, அவளுடையது ஒன்று. ஒரே பெட்டியில் வந்த இரண்டு கத்திகள். ஒன்றுக்குக் கறுப்புப் பிடி, மற்றதற்கு வெள்ளைப் பிடி. இரண்டையும் பிரம்மநாயகம் ஒரே கல்லில் சாணை பிடித்திருந்தார். ஒவ்வொன்றாலும் ஓர் உறுப்பினருக்குச் சவரம் செய்து, கூர் மடங்கும்படி பழக்கியிருந்தார்கள். இனி வாரின் வேலை.

சவரம் செய்யப்போகிற பிரம்மநாயகமும், உட்காரப்போகிற நம்பிராஜனும் வெளியே போய் நிற்க வேண்டும். எந்தக் கத்தி எந்த வாரில் தீட்டியது என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. ஹாலில் இருப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. இப்படி ஏற்பாடு. யார் தீட்டுவது என்று பேச்சு வந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு குரல், அந்தம்மா வாரை அந்தம்மாவே தீட்டட்டுமே என்றது. சிரிப்பு எழுந்தது.

நஜ்முன்னிசா மேடைக்கு ஏறினாள்.

"ஒண்ண நானும் இன்னொண்ண வேற ஆளும் தீட்டினா, அது கையப் பாக்கதுதான், வாரப் பாக்கதில்ல. ரெண்டையும் நானே தீட்டுதேன்."

நீ மற்றதைக் கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். கேட்டவர் பக்கம் திரும்பினாள்.

"அந்த வாரும் நல்ல வாருதான் அண்ணாச்சி. அதக் கெடுத்து என் வாரு ஜெயிக்க வேண்டாம். நம்பிக்கை இல்லன்னா மேல வந்து என் கைக்குப் பக்கத்துல நில்லுங்க."

அவர் வந்து நின்றார். இன்னும் சிலரும் வந்து நின்றார்கள். முதலில் கறுப்புப் பிடிக் கத்தியை எடுத்தாள். வடக்கத்தி வாரை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்துப் பிடித்து, கத்தியின் கனத்துக்குமேல் ஒரு பாரமும் வைக்காமல், தன்னால் முடிந்த அளவு ஒழுங்காகத் தீட்டினாள். ஒவ்வொரு திருப்பமும் முதுகின்மேல்தான் புரண்டது. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் மணிக்கட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எல்லாரும் அந்த வேலையில் பழுத்தவர்கள். நல்ல கை எது என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிறகு வெள்ளைப் பிடிக் கத்தியை எடுத்தாள். தன் வாரின் துணிப்பக்கம் கொஞ்சம், தோல்பக்கம் அதே அளவு. வடக்கத்தி வார் சரசரத்தது. இந்த வார் ஒரே மூச்சாக இழுத்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலையை ஆட்டியதை அவள் பார்த்தாள்.

வெளியே நின்றவர்களை உள்ளே கூப்பிட்டார்கள். நம்பிராஜன் உட்கார்ந்து கண்ணை மூடினார். பிரம்மநாயகம் கைக்கு வந்த கத்தியை எடுத்தார், அது கறுப்பு. இடக்கன்னம் முழுக்க அதில் வழித்தார். நார்த்தாடி கரகரவென்று கடைசி வரிசைவரை கேட்டது. வலக்கன்னத்துக்கு வெள்ளைப் பிடி. கத்தி நுரையைத் தள்ளிக்கொண்டு இறங்கியது. சத்தம் கிட்டத்தட்ட இல்லை. பிரம்மநாயகத்தின் புருவம் மட்டும் ஒருதரம் உயர்ந்து இறங்கியது.

முகத்தைக் கழுவித் துடைத்ததும் படிகாரத்தை நனைத்து எடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் படிகாரம் பட்டதும் எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். இடக்கன்னத்தில் பட்டது. நம்பிராஜன் பல்லைக் கடித்து மூச்சை உள்ளே இழுத்தார். அவருக்கு அது பழகிய எரிச்சல். வலக்கன்னத்தில் தேய்த்தார் பிரம்மநாயகம். நம்பிராஜன் காத்துக்கொண்டிருந்தார். இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.

"படிகாரம் போடும்வே" என்றார்.

"போட்டாச்சு."

"போடலவே. பொய் சொல்லுதீரு."

ஹால் குலுங்கிச் சிரித்தது. நம்பிராஜன் கண்ணைத் திறந்து, படிகாரக் கட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கி, வலக்கன்னத்தில் தானே தேய்த்தார். மறுபடி தேய்த்தார். புறங்கையால் இந்தக் கன்னத்தையும் அந்தக் கன்னத்தையும் தடவிப் பார்த்தார். பிறகு திரும்பி, எந்தக் கத்தி என்று கேட்டார். வெள்ளைப் பிடி, அந்தம்மா வார் என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"கழுத்து மிச்சம் கெடக்கு" என்றார் நம்பிராஜன், மறுபடி சாய்ந்துகொண்டு. "அத அந்த அம்மா வாருலயே முடிச்சிரும்."

கைதட்டல் எழுந்தது. நஜ்முன்னிசா சிராஜைத் தேடினாள். அந்தச் சாதுவான மனிதர் பள்ளிக்கூட பெஞ்சின்மேல் ஏறி நின்று தட்டிக்கொண்டிருந்தார். தான் ஏறி நிற்பது அவருக்கே தெரியவில்லை. பக்கத்தில் சைனப் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்த ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, எனக்கு எப்ப தருவீங்க என்று முதல் ஆளாகக் கேட்டார்.

அந்த வருஷ மழைக்காலம் முடிவதற்குள் பட்டறையில் பெல்ட் வேலை நின்றுபோனது. சைனப் முழுநேரமும் வேலைக்கு வந்துவிட்டாள். அவளைப் பார்த்து அந்தச் சந்துப் பெண்கள் இன்னும் சிலர் வந்தார்கள். சேட்டுக்கு மால் கொடுக்க ஓடுகிற வேலை போய், தோல் பொறுக்க அப்துல் ரவூப் கொட்டகைக்குப் போகிற வேலை சிராஜுக்கு வந்தது. அவரும் இப்போது பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். செம்பூர், தேவ்நார், ஆண்டாப் ஹில் என்று எங்கிருந்தும் ஆள் வந்தார்கள்.

வாங்க வருகிறவர்களிடம் அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். வாரைச் சும்மா தூக்கிக் கொடுக்கமாட்டாள். ஜன்னல் கம்பியில் மாட்டி, உங்கள் கத்தியை எடுத்து ஓட்டுங்கள் பார்க்கலாம் என்பாள். அழுத்துகிறவரை நிறுத்தி, தோளை இறக்கச் சொல்வாள். தொய்வாகப் பிடிக்கிறவர் கையைத் தானே பின்னால் இழுத்துவிடுவாள். வழித்து முடித்த கையோடு மறுபடி தீட்டுகிறவரைத் தடுத்து, விளிம்பைக் கொஞ்சம் ஓய விடுங்கள், நாளைக்கு வழிப்பதற்கு முன்னால் தீட்டுங்கள் என்பாள். தாடி நரைத்த சலூன்காரர்கள்கூட முணுமுணுத்துக்கொண்டே அவள் சொன்னபடி ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் வாரை வாங்கிக்கொண்டு போனார்கள். சரியாகத் தீட்டத் தெரியாதவர் கையில் தன் வார் கெட்ட பேர் வாங்கக் கூடாது என்பதில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நம்பிராஜனையும் ஓட்டிக் காட்டச் சொன்னாள். அவர் காட்டினார்.

இரண்டு வருஷம் கழித்து, சங்கத்துக்கு வடக்கத்தி வார் சப்ளை செய்துவந்த அந்த சேட்டே பட்டறையைத் தேடி வந்தார். வெள்ளை உடுப்போடு, சந்துச் சாக்கடையைத் தாண்டித் தாண்டி வந்து, ஹிந்தியில் மரியாதையாகப் பேசினார். மற்ற ஊர்களிலும் கேட்கிறார்கள், எனக்குச் செய்து கொடு, என் கம்பெனி பெயரில் போகட்டும் என்றார். கொடுக்கலாம், ஆனால் பெயர் மாறாது என்றாள் அவள். வாரின் கைப்பிடியில் அவள் சூடுபோட்டுப் பதிக்கிற முத்திரை ஒன்று உண்டு. அவள் பெயரின் முதல் எழுத்து, அதைச் சுற்றி ஒரு வட்டம். அது இல்லாமல் ஒரு வாரும் வாசலைத் தாண்டாது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள். சேட் இரண்டு தடவை திரும்பிப் போனார். மூன்றாவது தடவை சரியென்று தலையாட்டினார்.

முதல் சரக்கு வடக்கே கிளம்பிய அன்று பட்டறைப் பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். உறை போட்ட வார்களைக் கட்டுக்கட்டாகச் சாக்கில் தைத்துக் கைவண்டியில் ஏற்றினார்கள். சந்து குறுகல், எதிரே தண்ணீர்க் குடங்கள், சைக்கிள், பச்சைத்தோல் சுமந்து வருகிற ஆட்கள். வண்டிக்காரன் ஒதுங்கி நிற்கலாமா என்று பார்த்தான். நஜ்முன்னிசா முக்காட்டை இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஹட்டோ, ஹட்டோ, மால் போகுது" என்று அந்தப் பெரிய குரலில் சத்தம் கொடுத்தாள். குடங்கள் ஒதுங்கின, சைக்கிள் சுவரோடு சாய்ந்தது. தொண்ணூறடி ரோடு வரைக்கும் அவள் வழி விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.